பந்தைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நடுநிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டர் இல்லாததால், பத்து வயதுக்கு உட்பட்டோருக்கான செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) கால்பந்துப் போட்டிக்கு அணி தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 12 பிள்ளைகள், இரண்டு பந்து, பாதி மைதானம், வாரம் இரண்டு மாலை ஒரு மணி நேரம். போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது.

யூடியூப் பார்த்து, கோல்கீப்பர் போக, பின்னால் மூவர், நடுவில் இருவர், முன்னால் ஒருவர் என 3-2-1 என்று நிற்க வைத்தேன். விசில் ஊதிய இரண்டாவது நிமிடம் எல்லாரும் பந்து இருக்கும் இடத்தில் குவிந்துவிடுகிறார்கள். "உன் இடத்தில் நில்லு" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்துப் பள்ளியுடன் ஆடி 0-6 என்று தோற்றோம். எந்த ஃபார்மேஷன் சரி? பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

பந்தைச் சுற்றிக் குவிவதை ஒழுங்கீனமாக நினைக்காதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பந்துதான் ஆட்டம். பந்து இல்லாத இடத்தில் நின்றாலும் ஆட்டத்தில் இருக்கிறோம் என்பது அதன் அனுபவத்தில் இன்னும் இல்லை. அதைக் கத்திப் புரியவைக்க முடியாது. களத்தின் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் மாற்றினால் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். ஃபார்மேஷனை நான்காவது வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

முதலில் பந்து. உங்களிடம் இருப்பது 5ஆம் நம்பர் பந்தாக இருந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். அது பெரியவர்களுக்கானது, 410 முதல் 450 கிராம் எடை. சின்னக் கால் அதை உள்பாதத்தால் தள்ளினால் போகாது, அதனால் பிள்ளை பெருவிரலால் குத்தப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றப் பிறகு வருடக்கணக்கில் ஆகும். 8 முதல் 12 வயது வரைக்கும் 4ஆம் நம்பர், 350 முதல் 390 கிராம். இருவருக்கு ஒன்று வீதம் ஆறு பந்தாவது வேண்டும். பள்ளி நிதியில் வேறெதையும் கேட்காதீர்கள், இதை மட்டும் கேளுங்கள். ஜெர்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வரிசை. கோலுக்கு முன் 12 பேரை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராக அடிக்க விடும் பயிற்சியை எல்லா மைதானத்திலும் பார்க்கலாம். நீங்கள் கணக்கு ஆசிரியை, போட்டுப் பாருங்கள். ஓர் உதைக்குப் பத்து விநாடி என்றால், ஒரு பிள்ளைக்கு மறுமுறை பந்து கிடைக்க இரண்டு நிமிடம். கால் மணி நேரத்தில் ஏழு உதை. மீதி நேரம் முழுக்க முன்னால் நிற்பவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வரிசை இருக்கும் எந்தப் பயிற்சியையும் எடுத்துவிடுங்கள்.

அறுபது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிடம் 15 மீட்டர் சதுரத்துக்குள் இருவருக்கு ஒரு பந்து. ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு யார் மீதும் மோதாமல் ஓட, மற்றவர் அதைத் தட்டிப் பறிக்கப் பார்க்க வேண்டும். பறித்தால் ஆள் மாறிக்கொள்ளலாம்.

அடுத்த கால் மணி மூவருக்கு எதிராக ஒருவர். உங்கள் 12 பேர் சரியாக மூன்று குழுவாகிவிடுவார்கள். 7 மீட்டர் சதுரம். மூவர் பந்தை ஒருவரிடமிருந்து காப்பாற்ற வேண்டும். பாஸ் கொடுப்பதை இங்கேதான் திருத்த வேண்டும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், விரல்நுனி பாஸ் போக வேண்டிய திசையில், உதைக்கும் காலின் கணுக்கால் இறுக்கமாக. பந்து மேலே எழும்பினால் ஊன்றிய கால் பந்துக்குப் பின்னால் விழுந்திருக்கிறது, அல்லது உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. இரண்டில் எது என்று பார்த்து அதை மட்டும் சொல்லுங்கள்.

இந்தப் பயிற்சியில் பாஸைவிடப் பெரிய சிக்கல், வாங்குகிறவர் நிற்கும் இடம். எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "எனக்கு, எனக்கு" என்று கூப்பிடுவார்கள். "பந்து வைத்திருப்பவனின் கால் உனக்குத் தெரிகிறதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் பக்கவாட்டில் இரண்டடி நகர வேண்டும். ஆறு வாரத்தில் இந்த ஒன்றை அவர்கள் கற்றுக்கொண்டாலே கூட்டம் பாதி கலைந்துவிடும்.

அதன்பின் 25 நிமிடம் மூவருக்கு மூவர். 20க்கு 15 மீட்டரில் இரண்டு களம், ஒவ்வொன்றிலும் நான்கு கோல். ஒவ்வொரு கோல் எல்லையிலும் மூலைகளை ஒட்டி இரண்டு கோல், ஒவ்வொன்றும் இரண்டு தப்படி அகலத்தில். கோல்கீப்பர் வேண்டாம். இடப்பக்கக் கோலை எல்லாரும் அடைத்துக்கொண்டால் வலப்பக்கக் கோல் காலியாகக் கிடக்கும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம், மூன்றாவது நாள் ஒரு பிள்ளை தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்க்கும். ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் மிகச் சிறிய வயதுப் பிரிவுகளுக்கு இந்த நான்கு கோல் ஆட்டத்தைத்தான் 2024-25 பருவத்திலிருந்து கட்டாயமாக்கியது.

களத்தின் அளவை அப்படியே விட்டுவிடாதீர்கள். பந்து கிடைத்தவுடன் பதறி எட்டி உதைத்தால் இடம் போதவில்லை. எல்லையை மூன்றடி தள்ளி வையுங்கள். வேகமான ஒரே பிள்ளை பந்தைத் தள்ளிவிட்டு ஓடி ஓடி எல்லா கோலும் போட்டால் இடம் அதிகம், உள்ளே இழுங்கள். "மூன்று பாஸ் கொடுத்த பிறகுதான் கோல்" என்ற விதியைப் பலர் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோல் எதிரே திறந்திருக்கும்போது பிள்ளை திரும்பிப் பின்னால் பாஸ் கொடுக்கும். பாஸ் எதற்கு என்பதே அதற்கு மறந்துபோகும். அதற்குப் பதிலாக, பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு ஆடும் பொது ஆளாக ஒருவரை விடுங்கள். பந்து வைத்திருப்பவர்கள் எப்போதும் ஓர் ஆள் கூடுதலாக இருப்பதால் பாஸ் லாபம் என்பது தானே தெரியும்.

கடைசிப் பத்து நிமிடம் ஆறுக்கு ஆறு, விதி ஏதும் இல்லாமல்.

நான்காவது வாரம் 2-3-1 வையுங்கள். 3-2-1இல் இந்த வயதுப் பின்வரிசை மூன்று பேரும் தங்கள் கோல் வாசலிலேயே ஒட்டிக்கொள்வார்கள். முன்னால் இருப்பவனுக்கும் அவர்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். 2-3-1இல் டிஃபெண்டர் (பின்வரிசை ஆள்), பக்கத்து விங் (நடுவரிசையில் ஓரத்தில் ஆடுபவர்), நடு ஆள் மூவரும் தானாகவே முக்கோணமாக நிற்பார்கள், மூவருக்கு ஒருவர் பயிற்சி அப்படியே களத்துக்கு வரும். சுண்ணாம்புத்தூளால் களத்தை நீளவாக்கில் மூன்று பட்டையாகப் பிரியுங்கள். பந்து நம்மிடம் இருந்தால் "குடை விரி": இரண்டு விங்கும் ஓரக்கோட்டுக்கு ஓட வேண்டும். பந்து அவர்களிடம் போனால் "குடை மடக்கு": பந்துக்கு எதிர்ப்பக்க விங் நடுப்பட்டைக்கு வந்துவிட வேண்டும். ஆட்டத்தின்போது நீங்கள் கூவ வேண்டியது இந்த இரண்டை மட்டும்தான். "அடி", "கொடு" என்று சொல்லத் தொடங்கினால் பிள்ளையின் கண் பந்தைவிட்டு உங்கள் பக்கம் திரும்பும். பெற்றோரிடமும் இதைச் சொல்லி, எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

0-6இல் எத்தனை கோல் உங்கள் கோல் கிக்கிலிருந்தே, அதாவது உங்கள் கோலுக்கு முன்னிருந்து பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் விடும் உதையிலிருந்தே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். இந்த வயதில் பெரும்பாலும் அங்கேதான் விழும். கோல்கீப்பர் முழுப் பலத்தில் உதைப்பான், பந்து 15 மீட்டரில் விழும், எதிரணி அங்கேயே காத்திருக்கும். டிஃபெண்டர்கள் இருவரும் பெனால்டி எல்லைக்கு வெளியே இரு பக்கமும் அகலமாகப் போக வேண்டும், நடு ஆள் கீழே இறங்க வேண்டும். தன் கோலுக்குக் குறுக்கே பாஸ் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இந்த வயது எழுவர் ஆட்டத்தில் கோல் கிக்கின்போது எதிரணி ஒரு கோட்டுக்குப் பின்னால் விலகி நிற்க வேண்டும். போட்டியில் அப்படி இல்லாவிட்டாலும் பயிற்சியில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து வயது வரை ஹெடிங்கும் அங்கே தடை. நீங்களும் தலையால் முட்டச் சொல்லித்தர வேண்டாம்.

12 பேரையும் ஆட விடுங்கள். ஆட்டம் 40 நிமிடம் என்றால் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பாகம், பாகத்துக்கு ஏழு இடம், மொத்தம் 28. எட்டுப் பேருக்கு இரண்டு பாகம், நான்கு பேருக்கு மூன்று. அடுத்த ஆட்டத்தில் அந்த நான்கு பேர் மாற வேண்டும். முந்தின நாளே தாளில் எழுதிவிடுங்கள். ஸ்கோர் இறுகும்போது மனம் மாறும், தாள் மாறாது. கோல்கீப்பரையும் பாதிக்குப் பாதி மாற்றுங்கள்.

கோல்போஸ்ட் தூக்கி வைக்கும் வகையா, ஊன்றியதா என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கி வைப்பது என்றால் ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் பின்கம்பியில் மணல் மூட்டை ஏற்றி, கையால் முன்பக்கம் இழுத்து ஆட்டிப் பாருங்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளைகள் தொங்கிப் போஸ்ட் சாய்ந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. எல்லைக்குச் செங்கல் வைக்காதீர்கள். பாதி மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் போதும்.

மூன்றாவது வாரம் முடிந்ததும் நான்கு கோல் ஆட்டம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். களத்தின் நீள அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.