பார்வையற்றவருக்கு வாசித்துக் கொடுக்க யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தர விரும்புகிறேன். ஓர் அமைப்பினர் குரல் தேர்வுக்கும் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் கட்டணம் கேட்கிறார்கள். பதிவுகளைத் தங்கள் யூடியூப் சேனலில் போடுவார்களாம். பதிப்பாளர் வழக்குத் தொடர்ந்தால் நான்தான் மாட்டிக்கொள்வேன் என்கிறான் என் மகன். வாசிக்கலாமா, கூடாதா?

பதில்: தாராளமாக வாசிக்கலாம். பணம் கேட்கும் அந்த அமைப்புக்காக மட்டும் வாசிக்காதீர்கள். உங்கள் மகனின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

சட்டப் பிரிவு எண்களைச் சொல்லி உங்களைக் குழப்பப் போவதில்லை. அச்சுப் புத்தகத்தைப் படிக்க இயலாதவர்களுக்காக 2013இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஓர் உலக ஒப்பந்தம் உருவானது. அதை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா, 2014இல். இருபது நாடுகள் சேர்ந்த பிறகு 2016 செப்டம்பர் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. வெளியான ஒரு நூலை லாப நோக்கமின்றி, படிக்க இயலாதவர்களின் கைக்கு மட்டும் போய்ச் சேரும்படி ஒலியாகவோ விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளி எழுத்தாகவோ மாற்ற பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை என்பது அதன் சாரம். பார்வையற்றோர் நூலகம் போன்ற அமைப்புகள் இதைச் செய்யலாம். ஒரு மாணவர் தம்முடைய புத்தகத்தை உங்களிடம் கொடுத்து வாசித்துத் தரச் சொன்னால், அவருடைய சொந்தப் பயனுக்காக நீங்களும் செய்யலாம். டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும், புத்தகத்தைக் கையில் பிடிக்கவோ பக்கம் புரட்டவோ முடியாதவர்களுக்கும் இதே சலுகை உண்டு.

யூடியூப் என்றதும் இந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. அங்கே போட்டதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கண் நன்றாகத் தெரிகிறவரும் புத்தகம் வாங்காமல் இலவசமாகக் கேட்டுவிட்டுப் போவார். தலைப்பில் ‘பார்வையற்றோருக்காக’ என்று எழுதிவிட்டால் சட்டம் மாறிவிடாது. அந்தச் சேனலில் விளம்பரம் ஓடினால் லாப நோக்கமில்லை என்ற வாதமும் எடுபடாது. ‘பதிப்பாளரிடம் அனுமதி வாங்கிவிட்டோம்’ என்று வாயால் சொல்வார்கள். கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மகன் பயப்பட வேண்டிய பாதி இதுதான்.

உடனே அவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: ‘நாங்கள் பழைய நூல்களைத்தான் போடுகிறோம், அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை.’ இதில் உண்மை இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆசிரியர் இறந்து குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்தால் அவருடைய எழுத்து பொதுச்சொத்தாகிறது. இந்தியாவில் 60 ஆண்டு, வேறு பல நாடுகளில் 50 அல்லது 70. அப்படிப்பட்ட நூலை ஊருக்கே வாசித்துப் போடலாம். ஆனால் உங்கள் கையில் உள்ள பிரதியைத் திறந்து பாருங்கள். செய்யுள் ஆயிரம் ஆண்டுப் பழையதாக இருக்கும், கீழே உள்ள உரையைச் சென்ற ஆண்டு ஒருவர் எழுதியிருப்பார். செய்யுளுக்கு உரிமை இல்லை, உரைக்கு உண்டு. மொழிபெயர்ப்பும் அப்படித்தான்: மூல ஆசிரியர் இறந்து நூறு ஆண்டு ஆகியிருந்தாலும், தமிழில் தந்தவர் போன மாதம்தான் தந்திருப்பார். பதிப்பாசிரியரின் முன்னுரை, அருஞ்சொற்பொருள், பயிற்சி வினாக்கள் எல்லாமே தனித்தனிப் படைப்புகள். எனவே ‘பழைய புத்தகம்’ என்று சொன்னவுடன் நம்பிவிடாதீர்கள். அட்டையில் உள்ள பெயரோடு நிற்காமல், நீங்கள் வாசிக்கப் போகும் வரிகளை எழுதியவர் யார், அவர் எப்போது இறந்தார் என்று பாருங்கள். வரிக்கு வரி ஆள் மாறினால் உரிமையும் வரிக்கு வரி மாறும்.

இனி கட்டணம். நல்ல நூலகம் எதுவும் வாசிப்பவரிடம் பணம் கேட்பதில்லை. குரல் தேர்வு என்பது ஒரு பக்கத்தை வாசித்து அனுப்புவது, அதற்கு என்ன செலவு? பயிற்சி என்பது அனுபவமுள்ள ஒருவர் கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்வது. சான்றிதழைத் தொங்கவிட்டு ஓய்வுபெற்றவர்களிடமும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் காசு பறிப்பது ஒரு தொழிலாகிவிட்டது. இத்தகைய இடங்களில் பதிவுகள் குவியும், அவற்றைக் கேட்கிற ஒரு பார்வையற்றவரைக்கூடக் காட்ட மாட்டார்கள். மாணவரின் புகைப்படத்தை வைத்து நன்கொடை திரட்டுவது மட்டும் தவறாமல் நடக்கும்.

அதைவிட மோசமானது கையெழுத்து வாங்கும் படிவம். ‘என் குரலை எந்த வடிவிலும், எக்காலத்துக்கும், எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கும். இன்று சில நிமிடப் பதிவு இருந்தால் கணினி ஒருவருடைய குரலைப் போலவே பேசிவிடுகிறது. பல மணி நேரம் தெளிவாக வாசித்த தமிழ்க் குரல் வியாபாரிகளுக்கு எவ்வளவு மதிப்புள்ளது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் மாணவருக்குத் தந்ததாக நினைத்த குரல் நாளை ஏதோ ஒரு பொருளை விற்றுக்கொண்டிருக்கும். அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடிக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த அமைப்பானாலும் எந்த மாணவர் எந்தப் புத்தகத்தைக் கேட்டார், பதிவு யாருக்குப் போகும், தவறு இருந்தால் யார் சொல்வார் என்று விசாரியுங்கள். பதில் சொல்பவர்களில் பார்வையற்றவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

கேட்பவரிடமிருந்து தொடங்குவதுதான் இந்த வேலையின் பழைய வழி. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த அமெரிக்க வீரர்கள் கல்லூரியில் சேர விரும்பி, பாடப்புத்தகத்துக்கு என்ன செய்வது என்று நியூயார்க் பொது நூலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த நூலகத்தின் மகளிர் குழுவில் இருந்த ஆன் மெக்டொனால்ட் தொண்டர்களைத் திரட்டி அவர்களுக்காக வாசிக்க வைத்தார். அது 1948. இன்று நம்மில் பலர் தங்களுக்குப் பிடித்த நாவலை வாசிக்கிறார்கள். ஒரே நாவலுக்குப் பல பதிவுகள் கிடக்க, அடுத்த மாதத் தேர்வுக்கான பொருளியல் அத்தியாயத்தை வாசிக்க ஆள் கிடைப்பதில்லை.

அந்த அத்தியாயத்தை ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது. அந்தப் புத்தகம் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டுத்தான் அச்சுக்குப் போனது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தில் கோப்பைக் கொடுத்திருந்தால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும், 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானைக் கொண்டு மாணவர் அன்று மாலையே படித்திருப்பார். ஆனால் தமிழ்ப் புத்தகங்கள் பலவும் இன்னும் பழைய எழுத்துருக்களில் அச்சாகின்றன. கண்ணுக்கு ‘அ’ என்று தெரிவது உள்ளே ஏதோ ஓர் ஆங்கிலக் குறியாக இருக்கிறது, இயந்திரம் அதைப் படித்து உளறுகிறது. இன்னும் சிலர் பக்கங்களைப் படமாக எடுத்து, மின்னூல் என்று வெளியிடுகிறார்கள். கோப்பைக் கேட்டால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டுகிறது, அதற்குள் பருவமே முடிந்துவிடுகிறது. ஒரு கோப்பை மாற்றித் தர முடியாதவர்களால்தான் உங்களைப் போன்றவர்கள் தொண்டை வறள வாசிக்கிறீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

படமும் அட்டவணையும் கையெழுத்துக் குறிப்புகளும் நிறைந்த பக்கங்களுக்கு மனிதக் குரலே மேல். அட்டவணையில் முதலில் எத்தனை வரிசை, ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பு என்ன என்று சொல்லிவிட்டு எண்களுக்குப் போங்கள். படத்தில் இருப்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள், அழகை வருணிக்க வேண்டாம். பக்க எண்ணை ஒவ்வொரு பக்கத்திலும் சொல்லுங்கள், வகுப்பில் ஆசிரியர் ‘47ஆம் பக்கம்’ என்றால் உங்கள் மாணவருக்கும் தெரிய வேண்டும். அடிக்குறிப்பு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் அறிவியுங்கள். புத்தகத்தில் பிழை இருந்தாலும் உள்ளபடியே வாசியுங்கள், பிடிக்காத பத்தியைத் தாண்டாதீர்கள்.

குரல் இனிமையாக இல்லை என்று கவலை வேண்டாம். பழகிய கேட்பவர்கள் வேகத்தைக் கூட்டித்தான் கேட்பார்கள், அங்கே இனிமையும் நடிப்பும் எடுபடாது. ல, ள, ழ தெளிவாக இருந்து, ஒரே சீராக வாசித்தால் போதும். பின்னணி இசை கூடவே கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, பெயரில் முதலில் எண்.

முதலில் பத்து நிமிடம் மட்டும் வாசித்து அந்த மாணவருக்கே அனுப்புங்கள். அவர் சொல்லும் திருத்தத்தைச் செய்த பிறகு மீதியைத் தொடங்கலாம். அந்த அமைப்பின் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்றே எழுத்தில் அனுப்பி, நகலை மகனிடம் கொடுத்து வையுங்கள்.