உடற்பயிற்சிக்கும் ஆரோக்கிய வாழ்வுக்கும் முன்னோடி என்று நீங்கள் யாரை நினைக்கிறீர்கள்?

எனக்கு ஜாக் லலேன். 1914 இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, 2011 ஜனவரியில் 96 வயதில் மறைந்த அமெரிக்கர்.

அவர் பேச்சு வந்தாலே எல்லாரும் முதலில் எடுப்பது நீச்சல் கதைகளைத்தான். 41 வயதில் கைவிலங்கோடு அல்கட்ராஸ் தீவிலிருந்து கரைக்கு நீந்தினார். 70 வயதில் கையையும் காலையும் கட்டிக்கொண்டு, ஆட்கள் ஏறிய 70 படகுகளை லாங் பீச் துறைமுகத்தில் இழுத்துப் போனார். திருகோணமலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இடுப்பில் கயிறு கட்டி ஒரு வெறும் தோணியைக் கொஞ்சத் தூரம் இழுத்தாலே மூச்சு வாங்கிவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய கதிரை.

சின்ன வயதில் இனிப்பே கதி என்று கிடந்த பிள்ளை அவர். 15 வயதில் போல் பிராக் என்பவரின் உணவுச் சொற்பொழிவைக் கேட்டபின் சீனியை விட்டார். 1936 இல் ஓக்லாந்தில் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். எடை தூக்கினால் மாரடைப்பு வரும், பெண்கள் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவார்கள் என்று வைத்தியர்களே பயமுறுத்திய காலம். அவர் பெண்களையும் வயதானவர்களையும் கூப்பிட்டே பழக்கினார். அப்புறம் 1951 இலிருந்து 1985 வரை தொலைக்காட்சி. வீட்டில் இருந்த பெண்களுக்காகவே அந்த நிகழ்ச்சி. ஒரு வெள்ளை நாயைக் காட்டிப் பிள்ளைகளைத் திரைக்கு முன் வரவழைத்து, "அம்மாவைக் கூட்டி வா" என்பார். அம்மா வந்ததும், வீட்டுக் கதிரையை வைத்தே பயிற்சி.

எங்கள் ஊரில் டச்சு பே கரையில் நடப்பவர்கள் கூடிவிட்டார்கள், நல்ல விஷயம். ஆனால் சமையல், பிள்ளைகளின் டியூஷன், கோயில் என்று ஓடும் அம்மாமாருக்குக் கடற்கரைக்கு வெளிக்கிட நேரமும் இல்லை, கூச்சமும் விடாது. என் அம்மாவும் அப்படித்தான். சீனி வருத்தம், முழங்கால் நோ. கிளினிக்கில் "நடவுங்கோ அம்மா" என்பார்கள். தலையாட்டிவிட்டு வருவார்.

லலேனின் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போனில் காட்டினேன். "கதிரையில இருந்து எழும்புறதுதானே, இது எனக்கும் ஏலும்" என்றார். இப்போது பின்னேரத் தேத்தண்ணிக்கு முன் விறாந்தைக் கதிரையில் இருந்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்புவார். பிறகு மெதுவாக, பொத்தென்று விழாமல், இருப்பார். அப்படி மெதுவாக இருக்கும்போதும் தொடைக்கு நல்ல வேலை. தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலுக்குத் தாங்கல் கிடைக்கும். வேலை செய்யும் தசை இரத்தத்தில் உள்ள சீனியையும் எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் கைப்பிடியை ஊன்றித்தான் எழும்பினார். இப்போது அது தேவைப்படுவதில்லை. அதைப் பார்க்கும்போது அந்த மனுசனுக்கு மனதுக்குள் நன்றி சொல்வேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது தொடங்குவதென்றால், நோ கடுமையாக இருந்தால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். கொஞ்சம் உயரமான கதிரை என்றால் எழும்புவது லேசு. பிளாஸ்டிக் கதிரை மாபிள் தரையில் பின்னால் சறுக்கும், அதனால் கதிரையின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.