கையெழுத்துக்கு முந்தைய நேரம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். அரசியலமைப்புப் பாடத்தின்போது ஒரு மாணவி எழுந்து, "குடியரசுத் தலைவர் காலையில எழுந்ததும் என்ன வேலை பார்ப்பார், மிஸ்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நாடாளுமன்றத்தைக் கூட்டுவார், மசோதாவுக்கு ஒப்புதல் தருவார், முப்படைகளுக்கும் தலைவர் என்று பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். "அதெல்லாம் அவருக்கு இருக்கிற அதிகாரம். நாள் முழுக்க என்ன செய்வார்?" என்று மறுபடி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அமைச்சரவை காட்டிய இடத்தில் கையெழுத்து, விருது விழா, விருந்து, வெளிநாட்டுப் பயணம், இவ்வளவுதானே? ரப்பர் ஸ்டாம்ப் என்று எல்லோரும் சொல்வது உண்மை என்றால் இப்படி ஒரு பதவி எதற்கு?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

அந்த மாணவி கேட்ட இரண்டாவது கேள்வியை நீங்கள் தட்டிக்கழிக்காமல் எனக்கு அனுப்பியதற்கு நன்றி. அரசியல் பேசும் பெரியவர்கள்கூட அதைக் கேட்பதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். அமெரிக்காவில் நாட்டின் தலைவரும் ஆட்சியை நடத்துபவரும் ஒருவரே. இந்தியா, பிரிட்டன், ஜெர்மனி, அயர்லாந்து போன்ற நாடுகளில் ஆட்சியைப் பிரதமர் நடத்துகிறார். ஜெர்மனியில் அவரைச் சான்சலர் என்கிறார்கள். நாட்டின் தலைவர் வேறொருவர். உங்கள் கேள்வி இந்த இரண்டாவது வகையைப் பற்றியது. நானும் பெரும்பாலும் அவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

அவர்களுடைய நாளில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி நீங்கள் சொன்னதுதான். புதிதாக வந்த தூதர்கள் தங்கள் நாட்டுத் தலைவர் கொடுத்தனுப்பிய நியமனப் பத்திரத்தை ஒப்படைப்பார்கள். பட்டமளிப்பு, விருது, விருந்தினர் வரவேற்பு என்று மற்ற நிகழ்ச்சிகள் வரும். ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் இந்தியக் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தில் உரையாற்றுகிறார். அந்த உரையை எழுதிக் கொடுப்பது அமைச்சரவை. "எனது அரசு" என்று அவர் வாசிக்கும் ஒவ்வொரு வரியும் அரசின் கொள்கை. அயர்லாந்தின் குடியரசுத் தலைவர் அரசின் சம்மதம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகவே முடியாது. அரசியலமைப்பிலேயே அப்படி எழுதியிருக்கிறது. இதை மட்டும் பார்த்தால் ரப்பர் ஸ்டாம்ப் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த நாளில் கேமரா போகாத ஒரு நேரம் இருக்கிறது. மேசையில் கோப்புகளோடு தனியாக உட்கார்ந்து படிக்கும் நேரம். இந்தப் பதவியின் மதிப்பு முழுவதும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் 1952 முதல் 2022 வரை அரசியாக இருந்தார். அரசு ஆவணங்கள் சிவப்புத் தோல் பெட்டிகளில் வைத்துப் பூட்டப்பட்டு அவருக்கு வரும். விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போனாலும் பெட்டி பின்னாலேயே போகும். அமைச்சரவைக் குறிப்புகளும் தூதரகத் தந்திகளும் கையெழுத்துக்கான தாள்களும் அதில் இருக்கும். அவற்றில் ஒரு வரியை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஆனால் அவர் படித்தார். வாரத்துக்கு ஒருமுறை பிரதமர் அவரைச் சந்திப்பார். அந்த அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள், பேசியதை யாரும் குறித்துவைக்க மாட்டார்கள். சர்ச்சில் தொடங்கி லிஸ் டிரஸ் வரை 15 பிரதமர்கள் அப்படி அவர் முன் உட்கார்ந்தார்கள். கோப்பைப் படித்துவிட்ட ஒருவர் "இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று எதிரே இருந்து கேட்டால் ஒரு பிரதமர் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கேள்விக்கு உத்தரவின் வலிமை கிடையாது. ஆனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற நினைப்பே அதிகாரத்தில் இருப்பவரை ஒரு நிமிடம் நிறுத்தும்.

நம் அரசியலமைப்பின் 78ஆவது பிரிவும் இதைத்தான் செய்கிறது. அமைச்சரவையின் முடிவுகளைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பதும், அவர் கேட்கும் தகவலைத் தருவதும் பிரதமரின் கடமை. 74ஆவது பிரிவின் கதை இன்னும் முக்கியம். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று 1976இல் 42ஆவது திருத்தம் கட்டாயமாக்கியது. 1978இன் 44ஆவது திருத்தம் அதில் ஒரு சிறு கதவைத் திறந்தது. ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். மறுபடி அதே ஆலோசனை வந்தால் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

ஒரே ஒரு முறைதான். அதனால் என்ன ஆகிவிடும் என்று உங்கள் மாணவி கேட்கலாம். 1997இல் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் செய்ததைச் சொல்லுங்கள். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. அப்போதுதான் அம்மாநில முதல்வர் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றிருந்தார். நாராயணன் பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வாஜ்பாய் அமைச்சரவை பீகார் அரசைக் கலைக்கச் சொன்னபோதும் திருப்பி அனுப்பினார். 1999 பிப்ரவரியில் அதே பரிந்துரை மறுபடி வந்தது. விதிப்படி கையெழுத்திட்டார். ஆனால் அதற்கு ஒப்புதல் தர வேண்டிய மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. மார்ச் மாதமே அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒன்று ஒரு கூட்டணி அரசு, இன்னொன்று அதற்கு எதிரணியின் அரசு. இரண்டிடமும் அவர் ஒரே மாதிரி நடந்துகொண்டார் என்பதுதான் எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பைத் தருகிறது.

அப்புறம், படிக்க நேரம் கொடுக்காத இரவுகளும் உண்டு. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் அப்போதைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவின் கையெழுத்துக்குப் போனது. அதற்கு முன் அமைச்சரவை கூடவே இல்லை. மறுநாள் அதிகாலையில் அமைச்சர்களைக் கூட்டி ஒப்புதல் பெற்றார்கள். "அமைச்சரவை முடிவு எங்கே?" என்று அன்றிரவு அவர் கேட்டிருக்கலாம். கேட்காததன் விலையை நாடு 21 மாதம் கொடுத்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்க முடியும் என்று 44ஆவது திருத்தம் பிறகு எழுதிவைத்தது அந்த இரவை மனதில் வைத்துத்தான்.

30 ஆண்டு கழித்து இன்னோர் இரவு. 2005 மே மாதம் அப்துல் கலாம் மாஸ்கோவில் இருந்தார். பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை டெல்லியிலிருந்து நள்ளிரவில் ஃபேக்ஸில் போனது. அவர் அங்கிருந்தே கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதவி விலகலாமா என்றே யோசித்ததாகக் கலாம் பின்னாளில் எழுதினார். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நாடு திரும்பும்வரை காத்திருங்கள் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். அவசரமாக வரும் கோப்பைத்தான் மிகவும் நிதானமாகப் படிக்க வேண்டும். அடுத்த ஆண்டே, ஆதாயம் தரும் பதவிகள் (எம்.பி.க்கள் வகிக்கக் கூடாத அரசுப் பதவிகள்) பற்றிய மசோதாவை அவர் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். அது மறுபடி நிறைவேறி வந்த பிறகே ஒப்புதல் கொடுத்தார்.

கலாமுக்கு முன்பே குடியரசுத் தலைவராக இருந்த ஜெயில் சிங் வேறு வழியைப் பிடித்தார். கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் அஞ்சல் சட்டத் திருத்த மசோதா 1986இல் இரு அவைகளிலும் நிறைவேறி அவரிடம் வந்தது. அவர் கையெழுத்திடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அது கடைசிவரை சட்டமாகவே இல்லை. அந்த மசோதா செத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பேசாமல் வைத்துக்கொள்ளும் முறை எனக்கு உவப்பில்லை. திருப்பி அனுப்பினால் காரணம் தெரியும், நாடாளுமன்றம் அதற்குப் பதில் சொல்லலாம்.

மற்ற நாடுகளிலும் இந்தத் தனிமை நேரம் உண்டு. 2006இல் ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஹோர்ஸ்ட் கோலர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைத் தனியாரிடம் விடும் சட்டம் அரசியலமைப்போடு ஒத்துப்போகவில்லை என்று கையெழுத்திட மறுத்தார். பெல்ஜியத்தின் மன்னர் போதுவான் 1990 ஏப்ரலில் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மனசாட்சி இடம் தரவில்லை என்றார். அமைச்சரவை அவரை ஆட்சி செய்ய இயலாதவர் என்று அறிவித்துத் தானே கையெழுத்திட்டது. பிறகு நாடாளுமன்றம் அவரை மறுபடி அமர்த்தியது. அந்தச் சட்டத்தைப் பற்றிய அவர் கருத்தோடு நான் உடன்படவில்லை. ஆனால் மக்கள் பிரதிநிதிகளின் முடிவைத் தடுக்காமல் தன் பெயரை மட்டும் விலக்கிக்கொண்டதை மதிக்கிறேன்.

நம் முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் இந்தப் பதவியை மின்சாரம் போனதும் தானாக எரியும் அவசர விளக்கு என்றார். அவர் காலத்தில் 1989இலும் 1991இலும் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை, நடுவில் 1990இல் ஓர் அரசு கவிழ்ந்தது. மூன்று முறையும் யாரை அழைப்பது என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பொருத்தமான உவமைதான். ஆனால் விளக்கு எரியாத நாட்களிலும் கோப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்தக் கோப்புகளில் மிகக் கனமானது கருணை மனு. உங்கள் மாணவிகளுக்கு இதை நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். 72ஆவது பிரிவின்படி தூக்குத் தண்டனைக் கைதியின் மனு குடியரசுத் தலைவரிடம் வருகிறது. உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையும் கூடவே வரும், முடிவும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான். ஆனால் நீதிமன்றம் பார்த்த அதே சாட்சியங்களைக் குடியரசுத் தலைவர் மறுபடி ஆராய்ந்து வேறு முடிவுக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் கேஹர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதாவது, முழுக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறது.

முழுக்கப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆபிரகாம் லிங்கன் சாட்சி. அவர் ஆட்சியையும் நடத்தியவர், வேறு வகைத் தலைவர். ஆனாலும் இந்த வேலை ஒன்றுதான். 1862இல் மினசோட்டாவில் டகோட்டா பழங்குடியினருடன் நடந்த போருக்குப் பிறகு, ராணுவ விசாரணைக் குழு 303 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. சில விசாரணைகள் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. அத்தனை பேரையும் உடனே தூக்கிலிடச் சொல்லி வெள்ளைக் குடியேறிகள் கொந்தளித்தார்கள். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். லிங்கன் எல்லா வழக்குப் பதிவுகளையும் வரவழைத்தார். ஒவ்வொன்றாக ஆராயச் செய்து, போரில் கலந்துகொண்டவர்களையும் பொதுமக்களைக் கொன்றவர்களையும் பிரித்தார். டிசம்பர் 26 அன்று 38 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் அவ்வளவு பேரைத் தூக்கிலிட்டது அதுதான். அந்த 38 பேருக்கும் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்பது லிங்கனின் கணக்கில் நிற்கிறது. அவர் படித்ததால் 260க்கும் மேற்பட்டோர் அன்று தூக்கிலிருந்து தப்பினார்கள் என்பதும் அதே கணக்கில் நிற்கிறது.

இந்த விஷயத்தில் நம் நாட்டின் கணக்கு வருத்தமானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் கருணை மனு 2000இல் அனுப்பப்பட்டு 2011இல்தான் நிராகரிக்கப்பட்டது. மூன்று குடியரசுத் தலைவர்களின் காலம். கலாமின் ஐந்தாண்டுகளில் பெரும்பாலான மனுக்கள் முடிவு தெரியாமலே நின்றன. அமைச்சகத்தின் தாமதம் எவ்வளவு, மாளிகையின் தாமதம் எவ்வளவு என்று பிரித்துப் பேசலாம். தினமும் விடியற்காலையில் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி கிடக்கும் கைதிக்கு அந்தப் பிரிவினை ஒன்றும் இல்லை. 2014 ஜனவரியில் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, பெரும்பாலும் இத்தகைய தாமதத்தையே காரணமாகக் காட்டி, 15 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அடுத்த மாதமே அந்த மூவருக்கும் குறைத்தது. அரசியலுக்குச் சங்கடமான கோப்பைத் தள்ளிவைப்பதும் ஒரு முடிவுதான். அதை எடுப்பவர் பெயர் எங்கும் பதிவாவதில்லை என்பதுதான் அதில் உள்ள அநியாயம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்படி ஒரு பதவி வேண்டும் என்பதே என் பதில். ஆனால் அதன் வேலை இன்னும் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். 1998 மார்ச்சில் வாஜ்பாயை ஆட்சியமைக்க அழைத்தபோது, எதனால் அந்த முடிவுக்கு வந்தேன் என்று நாராயணன் விளக்கமாக ஓர் அறிக்கை வெளியிட்டார். கருணை மனுக்களிலும் அந்த வழக்கம் வர வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் கைதிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், அதற்கும் தூக்குக்கும் இடையில் குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்று 2014 தீர்ப்பு சொல்கிறது. சரி, அந்தக் கடிதத்தில் நிராகரித்ததற்கான காரணத்தையும் நான்கு வரியில் எழுதட்டும். எழுத வேண்டும் என்று வந்துவிட்டால் படித்தே ஆக வேண்டும்.