வாள் அந்தரத்துல நிக்குது, கதை கட்!

கே: காலேஜ்ல 'டான் குவிக்ஸாட்' நாவல் பாடமா இருக்கு. வீரசாகசக் கதைகளை ஒழிச்சுக்கட்டத்தான் ஸ்பானிஷ் எழுத்தாளர் செர்வான்டிஸ் இதை எழுதுனாருன்னு நோட்ஸ்ல போட்டிருக்கு. நிஜமா? (வாசகி, கீழக்கரை)

ப: முன்னுரையில அப்படித்தான்மா வருது, ஆனா அதை அப்படியே நம்பிடாதீங்க. ஆறாவது அத்தியாயத்துல பாதிரியாரும் நாவிதரும் சேர்ந்து, வீரசாகசக் கதை படிச்சே புத்தி பேதலிச்ச ஹீரோ குவிக்ஸாட்டோட புத்தகங்களை எரிக்கப் போறாங்கல்ல, முதல்ல கையில வர்றதே 'அமாதிஸ்'ங்கிற பிரபல வீரசாகசக் கதை, இதெல்லாம் இதுலேர்ந்துதான் ஆரம்பிச்சுது கொளுத்துங்கன்னு பாதிரியார் சொல்ல, இந்த வகையிலயே இதான் பெஸ்ட்டுன்னு நாவிதர் தடுக்க, தப்பிச்சிடுது. இன்னொரு புத்தகத்தை, இதுல வர்ற வீரனுங்க சாப்பிடுறான் தூங்குறான் உயில் எழுதி வச்சிட்டு கட்டில்லயே சாகுறான்னு பாராட்டி எடுத்து வச்சிக்கிறாங்க. வெறுக்குறவனுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்குமா? வரிக்கு வரி படிச்ச ரசிகன் பண்ற கிண்டல் இது.

எட்டாவது அத்தியாயம் இன்னும் ஜோர். குவிக்ஸாட்டும் எதிராளியும் சண்டையில வாளை ஓங்கிட்டாங்க, அந்த இடத்துல கையெழுத்துப் பிரதி முடிஞ்சு போச்சுன்னு கதையை நிறுத்திடுறாரு, நம்ம வாரப் பத்திரிகை 'தொடரும்' எல்லாம் பிச்சை வாங்கணும். அப்புறம் ஸ்பெயின்ல டொலேடோ நகரத்துக் கடைத்தெருவுல ஒரு பையன் விக்கிற பழைய அரபி நோட்டுல மீதிக்கதை கிடைக்குது, அதைப் படிச்சு ஸ்பானிஷ்ல எழுதித் தர்ற ஆளுக்குக் கூலி உலர்ந்த திராட்சையும் கோதுமையும். அரபி எழுத்துல தமிழை எழுதுன அரபுத்தமிழ் ஏடு பாத்த உங்க ஊர்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். இந்த ட்ரிக்கும் அவர் சொந்த சரக்கு இல்ல. 1508 'அமாதிஸ்' பதிப்பு முன்னுரையிலயே, அமாதிஸ் மகனோட கதை ஒரு கல்லறைக்குள்ள கிடைச்சுதுன்னு கதை விட்டிருக்காங்க. அவங்க பயபக்தியோட சொன்னதை இவர் சந்தைக்கு இழுத்துட்டு வந்து பேரம் பேச வச்சாரு, நாவல்னு நாம இன்னைக்கு சொல்றது பாதி அங்கதான் பொறந்துச்சுன்னு நான் சொல்வேன்.

இன்னொண்ணு, 1616ல அவர் இறந்தப்புறம் 1617ல வந்த கடைசிப் புத்தகம் 'பெர்சிலெஸ்', பழைய கிரேக்கக் காதல் சாகசக் கதை பாணி. கப்பல் சேதம், பிரிஞ்ச காதலர்கள், எல்லாம் உண்டு. ஒழிக்க வந்தவர் பண்ற வேலையா இது?

கே: ரெண்டாம் பாகமும் படிக்கணுமா சார்? (வாசகர், தொண்டி)

ப: கட்டாயம். 1614ல வேற எவனோ போலி ரெண்டாம் பாகம் போட்டுட்டான், 1615ல இவரோடது வருது, அதுல வர்ற ஆளுங்க முதல் பாகத்தைப் படிச்சிருக்காங்க! போலியில ஹீரோ சரகோசா போனான்னு கேள்விப்பட்டு, அதைப் பொய்யாக்கவே நம்ம குவிக்ஸாட் வழியை மாத்திக்கிட்டு பார்சிலோனாவுக்குப் போறாரு. அங்கதான் அவரும் கூடவே வர்ற உதவியாள் சாஞ்சோவும் முதல் தடவையா கடலைப் பாக்குறாங்க, நம்ம ஊரு ருய்தேரா ஏரியை விட பெருசா இருக்கேன்னு அசந்து நிக்கிறாங்க. தொண்டிக்காரர் நீங்க, சிரிக்காம படிச்சிடுங்க பாப்போம்.