கிறிஸ்துமஸுக்கு ‘மேசியா’: எதைப் பாடுவது, எதை விடுவது?

கேள்வி: எங்கள் சபையின் பாடகர் குழு இந்தக் கிறிஸ்துமஸுக்கு இசையமைப்பாளர் ஹேண்டலின் ‘மேசியா’வைப் பாட ஆசைப்படுகிறது. கிடைப்பது ஒரு மணி நேரம். முதல் பகுதியைப் பாடி, அல்லேலூயாவோடு முடிக்கலாமா? அல்லேலூயா கிறிஸ்துமஸ் பாடலே அல்ல என்கிறார் மூத்த உறுப்பினர் ஒருவர்.

பதில்: அவர் சொல்வது சரி. இருந்தாலும் பாடலாம்.

இந்த ஆரட்டோரியோவுக்கு (நடிப்பில்லாமல் பாடப்படும் நீண்ட இசைப் படைப்பு) மூன்று பகுதிகள். முதலாவதில் தீர்க்கதரிசனமும் பிறப்பும். இரண்டாவதில் இயேசு பட்ட பாடுகள், மரணம், உயிர்த்தெழுதல், சுவிசேஷம் பரவுதல். அதன் முடிவில்தான் வெளிப்படுத்தின விசேஷத்தின் வசனங்களோடு அல்லேலூயா வருகிறது. மூன்றாவது, மரணத்தை வென்ற நம்பிக்கை. 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் நடந்த முதல் அரங்கேற்றமும் ஈஸ்டரை ஒட்டியதே.

நேரம் போதாதபோது பலரும் தீர்க்கதரிசனங்களை வெட்டிவிட்டு மேய்ப்பர்களிடம் தாவிவிடுகிறார்கள். அது வேண்டாம். சார்லஸ் ஜென்னன்ஸ் தொகுத்த இந்த வசனக்கோவையில் கதாபாத்திரங்கள் கிடையாது. காட்சியாக விரிவது லூக்கா 2-இன் மேய்ப்பர்கள் பகுதி மட்டுமே. மற்றபடி கதையை நகர்த்துவதே ஏசாயா போன்ற தீர்க்கதரிசிகளின் வாக்குகள்தான். "இருளில் நடக்கிற ஜனங்கள்" என்று பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பாடும் இடத்தைக் கவனியுங்கள். வயலின்களும் குரலும் ஒரே மெட்டில், அரை அரை சுரமாகத் தடவித் தடவி நகர்கின்றன. தாங்கிப்பிடிக்க வேறு சுரங்கள் அதிகம் இல்லை. அதற்கு அடுத்ததாகவே "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்" என்று குழு தொடங்குகிறது. இந்த இரண்டையும் பிரித்தால் பின்னதற்கு வெளிச்சமே இல்லை. வெட்டியே தீர வேண்டுமென்றால் ஆகாய், மல்கியா வசனங்களாலான மூன்று உருப்படிகளையும் சேர்த்தே விடுங்கள். நடுவில் ஒன்றை மட்டும் உருவாதீர்கள்.

ஒத்திகையை "பாலகன்", "அவர் நுகம்" ஆகிய கோரஸ்களில் தொடங்குங்கள். இவற்றின் மெட்டுகள், 1741 ஜூலையில் இரு தனிக்குரல்களுக்காக ஹேண்டல் எழுதிய இத்தாலிய டூயட்டுகளிலிருந்து வந்தவை. அந்த நீண்ட ஓட்டங்கள் குழுவுக்கு எளிதில் வசப்படாது. முழுக் குரலில் பாடினால் மூச்சு முட்டும். மெதுவாக, பாதிக் குரலில் பழகுங்கள்.

அல்லேலூயாவுக்கு முன் ஒருவர் எழுந்து ஏசாயா 53:3-6, சங்கீதம் 16:10 இரண்டையும் வாசிக்கட்டும். இரண்டாம் பகுதியிலும் இந்த வசனங்கள் வருகின்றன. பெட்லகேமிலிருந்து திடீரென்று பரலோகத்துக்குப் பாய்ந்தது போலவும் இராது. டிரம்பெட்டும் டிம்பனி முரசும் கிடைக்காவிட்டால் ஆர்கன் போதும். அல்லேலூயாவைக் கேட்டு இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றார், அதனால்தான் எல்லோரும் நிற்கிறார்கள் என்ற கதைக்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. நிற்க விரும்புகிறவர்கள் நிற்கட்டும், உட்கார்ந்திருப்பவர்களை யாரும் முறைக்க வேண்டாம்.