'பாய்' போன இடம் எது?

கேள்வி: என் பாட்டி பெயர் தங்கபாய். அப்போது எங்கள் தெருவில் மட்டும் நாலு தங்கபாய் இருந்தார்களாம். பேத்திக்கு அதையே வைக்கலாமென்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். இந்தப் பெயர் எப்போது வழக்கொழிந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, திங்கள்சந்தை

பதில்: உண்டு. வாக்காளர் பட்டியல் போதும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் தொகுதியையும் பாகத்தையும் (ஒரு வாக்குச்சாவடிக்குரிய பட்டியல்) தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 30 கட்டம். ஒவ்வொன்றிலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது. பக்கங்கள் படமாக இருப்பதால் தேடல் பெட்டியில் தட்டினால் ஒன்றும் வராது. கண்ணால்தான் எண்ண வேண்டும்.

பெண்களைப் பத்துப் பத்து வயதாகப் பிரியுங்கள். 60 முதல் 69 வரை 80 பெண்கள், அவர்களில் 4 பேர் தங்கபாய் என்று வைத்துக்கொண்டால் நூற்றுக்கு 5. இந்த விகிதம் எந்த வயதுக்காரர்களிடம் விழுகிறதோ, அவர்கள் பிறந்த காலத்தில்தான் பெயர் வழக்கொழிந்தது. தலைக்கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்: எண்பதைத் தாண்டியவர்களே கொஞ்சம் பேர், அதனால் பழைய பெயரெல்லாம் அப்போதே அரிதாக இருந்ததுபோலத் தெரியும். ஐந்தாண்டாகப் பிரிக்காதீர்கள், பழைய ஆட்களின் வயது 60, 65, 70 என்று குத்துமதிப்பாகப் பதிந்திருக்கும். தங்கபாய், தங்கபாயி, தங்கப்பாய், தங்க பாய் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேருங்கள். இன்னொரு சிக்கல், பட்டியலில் இருக்கும் பெண்களில் பலர் வேற்றூரிலிருந்து வாழ வந்த மருமக்கள். ஆகவே ஒரு பாகத்தை நம்பாமல் சுற்றியுள்ள நாலைந்து பாகங்களையும் எண்ணுங்கள்.

'தங்கம்' என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் போனது தங்கம் அல்ல, 'பாய்' என்ற ஈறுதான். தங்கபாய், செல்லபாய், நேசபாய், ஞானபாய் என்று ஒரு பட்டியலைப் பார்த்தாலே குமரிக்காரர்கள் என்று சொல்லிவிடலாம். கௌரி லட்சுமி பாய், சேது லட்சுமி பாய் என்று திருவிதாங்கூர் ராணிகளுக்கு இருந்த ஈறு. அரண்மனையில் மட்டும் நிற்காமல் பனையோலை வீடுவரை வந்தது. முன்பு திருவிதாங்கூரில் இருந்த குமரி மாவட்டம் 1956-இல் தமிழகத்தோடு சேர்ந்தது. மாவட்டத்தின் வாசலான ஆரல்வாய்மொழிக்கு வடக்கே படிக்கப்போன பிள்ளைகளிடம் 'கோரைப்பாயா, ஓலைப்பாயா?' என்று கேட்டால் அவர்கள் தம் மகளுக்கு அந்த ஈற்றை வைப்பார்களா? அந்த இடத்துக்கு ஷீபா, அஜிதா வந்தார்கள். பிறகு அபிஷா, ஜெர்லின், ஆஷ்லின். இப்போது 'ஷா'வும் 'லின்'னும்தான் ஊர் அடையாளம்.

கேள்வி: வாக்காளர் பட்டியலுக்கு முந்தைய தலைமுறையை எங்கே தேடுவது?
– வாசகர், கருங்கல்

பதில்: கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேட்டில். உங்கள் பங்கு (ஒரு ஆலயத்துக்குரிய சபைப் பகுதி) பிற்பாடு பிரிந்ததாக இருக்கலாம்; அப்படியானால் பழைய ஏடு தாய்ப்பங்கில் இருக்கும். ஏட்டில் 'மரிய திரேசம்மாள்' என்றிருப்பவர் வீட்டில் 'தங்கம்' ஆக இருப்பார். ஆகவே பெயரைத் தேடாமல் தாய் தந்தை பெயரையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள்.

கேள்வி: பெயர் முடிவாகும்வரை பிறப்புச் சான்றிதழில் அந்த இடத்தை வெறுமையாக விடலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: விடலாம். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு. எழுத்தைத்தான் கவனிக்க வேண்டும். திங்கள்சந்தை வாசகி 'தங்கபாய்' என்றே முடிவுசெய்தால், தமிழிலும் ஆங்கிலத்திலும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதட்டும். பிரித்து எழுதினால் பாஸ்போர்ட் எடுக்கும்போது 'பாய்' குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும்.