கம்பியும் கதியாலும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயாவுக்கு,

யாழ்ப்பாணத்து அராலியில் அப்பாவின் நாலு பரப்புக் காணி, ஏறக்குறைய கால் ஏக்கர், எனக்கு வந்திருக்கிறது. கொப்பு நட்டு உயிர்வேலியாக வளர்த்த கிளுவைக் கதியால்கள் பாதி பட்டுப்போய்விட்டன. ஆடுகள் புகுந்து வாழைக்கன்றுகளைத் தின்கின்றன. பக்கத்து வீட்டார் முட்கம்பி அடிக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. முட்கம்பி யுத்தத்தோடு பிறந்த சாமான் இல்லையா? கண்டாலே முகாம்தான் ஞாபகம் வருகிறது. மனிதருக்கு வேலியே வேண்டாம் என்றும் நினைக்கிறேன். அடிப்பதென்றால் எத்தனை வரிக் கம்பி, என்ன செலவு? பேசாமல் மதிலே கட்டிவிடலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

வாழைக்கன்றை ஆடு தின்னும் வரைக்கும் வேலியில்லாத உலகம் எல்லாருக்கும் பிடிக்கும். வேலியே வேண்டாம் என்று எழுதிய கையோடு எத்தனை வரி என்றும் கேட்கிறீர். அதை விடுவம்.

முகாம் ஞாபகம் வருகிறது என்றீரே, அதோடு எனக்கு வாதம் இல்லை. 2009இல் வவுனியா முகாம்களில் ஏறக்குறைய மூன்று இலட்சம் சனத்தைக் கம்பிக்குப் பின்னால் வைத்திருந்த நாடு இது. அந்தக் கம்பியைக் கண்டு மனம் கூசுகிறவரிடம் போய் நியாயம் பேசுவது மரியாதை இல்லை. ஆனால் ‘யுத்தத்தோடு பிறந்தது’ என்பது பிழை. இரக்கத்தோடு எழுதினாலும் பிழை பிழைதான். இந்தப் பிழையைப் படித்தவர்களும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். கொஞ்ச நாளாகவே இதைச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

முட்கம்பி மாட்டுக்காகப் பிறந்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் குடியேறியவருக்கு ஆளுக்கு 160 ஏக்கர் கிடைத்தது. புல்வெளியில் வேலிக்கு மரமும் இல்லை, கல்லும் இல்லை. முட்செடி நட்டால் அடைப்பாக வளர மூன்று நாலு வருஷம். வெறுங்கம்பி கட்டினால் மாடு அதிலே சாய்ந்து முதுகு தேய்க்கும். கம்பி வெயிலில் தொய்யும், குளிரில் அறும். 1873இல் இலினோய் மாநிலத்து டிகால்ப் சந்தையில் ஹென்றி றோஸ் என்பவர் ஆணி அடித்த பலகைச் சட்டத்தைக் கம்பியில் தொங்கவிட்டுக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டுப் போன ஜோசப் கிளிடன் 1874 நவம்பர் 24இல் காப்புரிமை பெற்றார். முள் அவருக்கு முன்பே இருந்தது, பிரான்சில் 1860களிலேயே. கம்பியில் முள் நிலைகொள்ளாமல் வழுக்கி ஒரு பக்கமாகச் சேர்வதுதான் தொல்லையாக இருந்தது. கிளிடன் இரண்டாவது கம்பியொன்றைச் சேர்த்து முறுக்கினார். முறுக்கு முள்ளை இறுகப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. முள்ளைச் சுருட்ட அவர் எடுத்தது வீட்டுக் கோப்பிக்கொட்டை அரைக்கும் கைமெசின்.

1874இல் சுமார் 10,000 இறாத்தல் கம்பி செய்தார்கள்; 1880இல் சுமார் எட்டுக் கோடி. ஒருவன் இரண்டு கூலியாட்களோடு ஒரு கிழமைக்குள் பெருநிலத்தை வளைத்துவிடலாம், அயலவனைக் கேட்கவே தேவையில்லை என்றாகிவிட்டது. தண்ணீர்க் குளங்களையும் பொதுப் பாதைகளையும் சேர்த்து வளைத்தார்கள். 1883இல் டெக்சாஸில் இரவிரவாகக் கம்பி வெட்டினார்கள். அடுத்த வருஷமே கம்பி வெட்டுவது பெருங்குற்றம் என்று சட்டம் வந்தது.

பட்டாளம் இதைத் தோட்டக்காரனிடம்தான் படித்தது. தென்னாபிரிக்கப் போயர் யுத்தத்தில் ஆங்கிலத் தளபதி கிச்சனர் ஏறக்குறைய 8,000 காவல்கூடுகளைக் கட்டி, அவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கான மைல் முட்கம்பி இழுத்தார். அங்கே பிடிபட்டவர்களில் ஐயாயிரம் பேரளவில் 1900 தொடக்கம் நம்முடைய தியத்தலாவைக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். கம்பிக்குள் ஆட்களை வைக்கும் வித்தை இந்தத் தீவுக்கு அப்போதே வந்துவிட்டது.

உடனே ‘உயிர்வேலி நல்லது, கம்பி கெட்டது’ என்று ஒரு கவிதை எழுதிவிடாதேயும். வெள்ளைக்காரன் இந்தியாவில் உப்பு வரிக்காகப் போட்ட சுங்க எல்லை சிந்துவிலிருந்து மகாநதிப் பக்கம் வரை 2,300 மைலுக்கு மேலே போனது. அதில் நூற்றுக்கணக்கான மைல் இலந்தை, கருவேல், கள்ளி நட்டு வளர்த்த பச்சை வேலி. காவலுக்குச் சுமார் 12,000 பேர். 1879இல்தான் கைவிட்டார்கள். அங்கே முள் எல்லாம் மரத்தில் தானாக முளைத்த முள்.

இனி உம்முடைய ஆடு. முட்கம்பி மாட்டுக்குச் சரி, ஆட்டுக்குச் சரிவராது. ஆடு வரிகளுக்கிடையே தலையை விட்டு நெளிந்து புகும், அடியால் ஊர்ந்தும் புகும். அதை மறிக்க அடியில் நாலு அங்குல இடைவெளியில் வரிகளை நெருக்க வேண்டும். அந்தக் காசுக்குப் பின்னல் வலை வாங்கலாம். அயல் சொல்கிறது என்று அடிக்கப் புறப்பட்டீரே, ஆடு எங்கால் வருகிறது என்று ஒருநாளாவது நின்று பார்த்தீரா?

கதியாலை விடாதேயும். மணிக்கட்டு மொத்தத்தில், ஆறு ஏழடி நீளத்தில், முற்றிய கொப்பாக வெட்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை எதுவும் ஆகும். இளங்கொப்பு அழுகிப்போகும். இரண்டு நுனியையும் சரிவாக வெட்டினால் மேலே தண்ணி தேங்காது. நிழலில் இரண்டு மூன்று நாள் கிடந்து வெட்டுவாய் காயட்டும். ஐப்பசி மழையில் மண் இளகியதும் அலவாங்கால் (கடப்பாரை) ஒன்றரை அடி குழி போட்டு, தலைகீழாக்காமல் நட்டு, சுற்றி மிதித்து இறுக்கும். சுண்ணாம்புக்கல் தட்டினால் குழியைத் தள்ளிப்போடும். ஆழம் குறைந்த கதியால் முதல் காற்றிலேயே ஆடும், ஆடினால் பிஞ்சு வேர் அறும். ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டு, அடியில் இரண்டரை அடி உயரத்துக்குக் கறுக்குமட்டையை, அதாவது ஓரத்தில் பல்லுள்ள பனைமட்டையை, நெருக்கி, குறுக்கே வரிச்சுத் தடி வைத்துக் கட்டும். கறுக்கின் பல்லைவிட ஆட்டுக்கு வேறு முள் தேவையில்லை. மேலே கிடைக்கும் குழையைத் தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்கலாம், ஆட்டுக்கும் போடலாம்.

மாடும் வரும் ஒழுங்கை என்றால் மட்டைக்கு மேலே மூன்று வரி கம்பி போதும். அதற்குப் பத்தடிக்கொரு வைரமான பனங்குற்றியும், மூலைகளில் முண்டு கொடுத்த குற்றியும் வேண்டும். எங்கள் ஆட்கள் செய்கிற பெரிய பிழை, கம்பியை உயிர்க்கதியாலில் அடிப்பது. முதல் வருஷம் வேர் இறுகப் பிடிக்காது, கம்பியின் இழுவை அதைச் சாய்க்கும். பிறகு மரம் பருத்துக் கம்பியை விழுங்கும். உள்ளே துருப்பிடிக்கும், வாள் போட்டால் பல்லு உடையும். சுற்றிக் கட்டுவது அதைவிடக் கேடு. இலையில் ஆன உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை நெரிபட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் படும். உம்முடைய அப்பாவின் கதியால்களை வறட்சி கொன்றது என்று நினைக்கிறீர் போல; பட்டதில் ஒன்றை வெட்டி உள்ளே கம்பி கிடக்கிறதா என்று பாரும். கட்டத்தான் வேண்டுமென்றால் இடையில் மரச்சட்டம் வைத்து, சட்டத்தில் அடியும். யூ ஆணியை முழுதாக இறக்காதேயும், கம்பி அசைய இடம் இருக்கட்டும். மாடு நிற்கிற பக்கத்தில் கம்பியை அடித்தால் அது தள்ளும்போது பாரம் குற்றியில் விழும். மறுபக்கம் அடித்தால் ஆணி கழரும்.

சுருளைப் பக்கவாட்டில் இழுக்காதேயும், மடிந்த இடத்தில் பிறகு அறும். நடுவில் அலவாங்கைக் கோத்து இருவர் பிடித்து உருட்ட வேண்டும். கடல் காற்றுக்கு நாகப்பூச்சுக் கனமான கம்பியாகக் கேட்டு வாங்கும். பனங்குற்றிக்குப் பதில் வாங்கும் கொங்கிறீற் தூணை உவர்க் கிணற்றுத் தண்ணியிலும் கடல் மணலிலும் குழைத்துக் கொடுத்தால் திருப்பி அனுப்பும். உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, தூண் நெடுக வெடிக்கும்.

மதில் காற்றை மறிக்கும், குழை தராது. அதில் மேலே பேச்சில்லை. செலவைக் கடையில் கேளும். நாலு பரப்பு சதுரமானால் சுற்றளவு ஏறத்தாழ 420 அடி, மூன்று வரிக்கு 1,260, முடிச்சுக்கும் கழிவுக்கும் இன்னும் நூறு அடி. எல்லைக்கல் தெரியாவிட்டால் நில அளவையாளர் வந்துபோன பிறகு, அயலாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு குழி வெட்டும். கார்த்திகை கடந்துவிட்டால் கதியால் வெட்ட வேண்டாம். அடுத்த ஐப்பசி வரைக்கும் கறுக்குமட்டையும் பனங்குற்றியும் தாங்கும்.